மூன்றாம் வரியில் நிற்கும் இடம்

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
2007 ஜனவரி 21

அஞ்சலீனா,

இன்று எனக்கு எழுபத்திரண்டு வயது நிறைகிறது. ஒவ்வொரு வருடமும் விடிந்த கையோடு தொலைபேசியில் கூப்பிட்டு, "அக்கா, இன்னும் இருக்கிறீங்களோ?" என்று கேட்பாய். இந்த வருடம் கேட்கவில்லை. இருக்கிறேன். அறியத் தருகிறேன்.

நானும் கூப்பிடப் போவதில்லை. தொலைபேசியில் நீ அழுவாய், நான் சத்தம் போடுவேன். இரண்டினாலும் நம் குடும்பத்தில் ஒரு காரியமும் நடந்ததில்லை. கடிதத்தில் அழுகை கேட்காது.

சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் கோயில் பங்கு மண்டபத்தில் நடந்ததை உன் மகள் ஜெனாட் சொல்லியிருப்பாள். நல்ல பிள்ளை, ஆனால் எதையும் உள்ளது உள்ளபடி சொல்லப் பொறுமையில்லாதவள். ஆகவே நானே சொல்கிறேன். நமது பங்கில் பாடப்படும் பாடல்களை இறுவட்டாக வெளியிட ஃபாதர் தீர்மானித்திருக்கிறார். ஆகஸ்ட் மாதாத் திருநாளுக்கு அது வெளிவர வேண்டும். உறையில் அச்சாகும் குறிப்புகளைப் பார்க்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். நான் கொழும்பில் அரசாங்க மொழிபெயர்ப்பாளராக ஓய்வு பெற்றவள் என்பது ஒரு காரணம். பங்கில் எழுத்துப்பிழையைக் கண்டு நித்திரை குழம்புகிற ஒரே ஆள் நான் என்பது மற்றக் காரணம். "அக்கரையில் நிற்பவளே" என்ற பாட்டுக்கு, "சொல்லும் இசையும்: பத்திநாதர்" என்று எழுதித் தந்திருந்தார்கள். "இசையும்" என்ற சொல்லை வெட்டினேன். ஏன் என்று கேட்டார்கள். அது ஓர் அமெரிக்கக் கன்ட்ரிப் பாடலின் மெட்டு என்றேன். யாரோ சிரித்தார்கள். சிரித்தது நானல்ல.

உன் கணவர் ஒக்டோபரிலிருந்து பக்கவாதத்தில் பேச்சிழந்து இருக்கும்போது இதைச் சொல்லலாமா என்று கேட்பாய். ஒரு மெட்டு யாருடையது என்பது எவருடைய உடல்நிலையைப் பொறுத்தும் மாறாது. சொற்கள் அவருடையவை. நல்ல சொற்கள். அதை நான் மறுக்கவில்லை.

என் கையெழுத்தில்லாமல் குறிப்புகள் அச்சுக்குப் போகா என்று ஃபாதர் சொல்லிவிட்டார். மே மாதத் தொடக்கத்துக்குள் தகராறு தீராவிட்டால் அந்தப் பாட்டையே விட்டுவிடுவார்களாம். அதை நானும் விரும்பவில்லை. ஒரே ஒரு சொல்லை நீ விட்டுக்கொடுத்தால் போதும்.

அக்னெஸ்


லவால்
2007 பெப்ரவரி 4

அக்கா,

உங்கடை கடிதம் வந்து ஒரு கிழமை மேசையிலை கிடந்தது. ஜெனாட் புவாண்ட்-கிளேரிலை வேலை முடிஞ்சு வந்து, கோட்டைக் கழட்ட முதலே, "பெரியம்மா என்ன எழுதியிருக்கிறா?" எண்டு கேட்டாள். "தான் இன்னும் இருக்கிறாவாம்" எண்டன். அவள் சிரிச்சாள். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

உங்களைப்போல அடுக்கி எழுத எனக்கு வராது. கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன். பிழையளைச் சிவப்பு மையாலை திருத்தித் திருப்பி அனுப்பாதேங்கோ. முந்தி ஒருக்கா அனுப்பினனீங்கள். நான் மறக்கேல்லை.

இந்தப் பாட்டை இவர் மன்னாரிலை படிப்பிக்கேக்கை, அறுபதாம் ஆண்டு கட்டினவர். கலியாணம் முடிச்சு நான் அங்கை போன முதல் ஞாயிறு கோயில் நிறைஞ்ச சனம் அதைப் பாடினது. நாலே நாலு வரி.

அக்கரையில் நிற்பவளே,
அலை நடுவில் என் தோணி,
அழைக்க உனக்கு மனமிருந்தால்…
அம்மா, நான் வந்திடுவேன்.

மூண்டாம் வரி முடிஞ்ச உடனை முழுச் சனமும் பேசாமல் நிண்டது. இவர் ஹார்மோனியத்திலை இரண்டு தரம் தட்டினார். பேந்துதான் "அம்மா" எண்டு எடுத்தவை.  இப்பிடி ஒரு பாட்டைக் கட்டின மனிசனுக்கோ நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறன் எண்டு நினைச்சன். அந்த நினைப்பிலைதான் இவ்வளவு காலமும் இவரின்ரை கோவத்தையும் பொறுத்தனான்.

இப்ப இவருக்கு வாயிலை வாறது அந்த நாலு வரி மட்டும்தான். தண்ணி எண்டு சொல்ல ஏலாது. என்ரை பேர் சொல்ல ஏலாது. ஆனா பாட்டை எடுத்துவிட்டால் ஒரு சொல்லும் பிசகாது. மூளையிலை பேச்சு ஒரு பக்கம், பாட்டு மற்றப் பக்கம் எண்டு டொக்டர் சொல்லுறார். மூண்டாம் வரியிலை நிண்டு, அசைக்க ஏலுமான ஒரு கையாலை மேசையிலை இரண்டு தரம் தட்டிப்போட்டு என்னைப் பார்ப்பார். அந்த மனிசனிட்டை மிச்சமிருந்த ஒண்டையும் நீங்கள் சபையிலை வைச்சுப் பறிச்சுப்போட்டியள்.

உங்களுக்குச் சங்கீதத்தைப் பற்றி என்ன தெரியும்? கோயிலிலை நீங்கள் வாய் திறந்து பாடி நான் ஒருநாளும் காணேல்லை. புத்தகத்தை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு பிழை தேடிக்கொண்டு நிப்பியள்.

இன்னொண்டும் சொல்லுறன், வயித்துக்குள்ளை கனகாலமாய்க் கிடக்கிறது. என்னைப் பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கு நீங்கள் தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சு, "சீனி போதுமோ?" எண்டு ஒரு வார்த்தைதான் கேட்டனீங்கள். உடனை இவர் உங்களைத்தான் பாடச் சொன்னவர். என்னை இல்லை. நீங்கள் "எனக்குப் பாட வராது" எண்டு முகத்திலை அடிச்ச மாதிரிச் சொல்லிப்போட்டு உள்ளை போனீங்கள். அண்டைக்குத் தொடக்கம் உங்களுக்கு இவரிலை ஒரு இளக்காரம்.

வெட்டின சொல்லை இருந்த இடத்திலை போடுங்கோ. போடாட்டில் லவால் பக்கம் வராதேங்கோ. இவருக்கு ஏதும் நடந்தாலும் வராதேங்கோ.

அஞ்சலீனா


பார்க் எக்ஸ்டென்ஷன்
2007 பெப்ரவரி 20

அஞ்சலீனா,

ஒருவர் வீட்டுக்கு வரக் கூடாது என்று சொல்வது உன் உரிமை. செத்தவீட்டுக்கு வரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்வது அவசரம்.

எனக்குச் சங்கீதம் தெரியாது என்று எழுதியிருந்தாய். ஆகவே நகர நடுவிலுள்ள பெரிய நூலகத்துக்குப் போய், கேட்பதற்குரிய அறையில் நான்கு பின்னேரங்கள் உட்கார்ந்தேன். அங்கே வேலை செய்யும் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "மதாம் கன்ட்ரி கேட்பீர்களா?" என்றாள். "கேட்பதில்லை, விசாரிக்கிறேன்" என்றேன். அதன்பிறகு அவள் பதிவுகளைத் தானாகவே தேடிக்கொண்டுவந்து தந்தாள்.

முதலில் பாடியவர் ஓர் அமெரிக்கர், ஐம்பதுகளின் தொடக்கம். ஆற்றின் இந்தக் கரையில் நின்று, என்னை இன்னொரு தடவை மட்டும் அக்கரைக்குக் கொண்டுபோ என்று ஓடக்காரனிடம் மன்றாடுகிறான். அக்கரையில் நிற்கும் பெண் வேறொருவனுக்காகக் காத்திருக்கிறாள் என்பது ஓடக்காரனுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. பாடகர் மூக்கால் பாடுகிறார், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. சில வருடங்களின் பின் ஒரு பெண் அதே மெட்டில் பதில் பாடியிருக்கிறாள்: ஓடக்காரா, அவனை ஏற்றாதே. எனக்குப் பிடித்தது அதுதான். அயர்லாந்துக்காரர் ஓடத்தைக் கப்பலாக்கி, பெண்ணைச் சாகடித்து, ஓர் அக்கோடியனையும் சேர்த்துவிட்டார்கள். இந்த மாகாணத்துப் பிரெஞ்சுப் பாட்டில் ஓடமே இல்லை. ஆறு உறைந்திருக்கிறது, லொறிக்காரன் ஒருவன் பனிக்கட்டியின் மேலாக அக்கரைக்குப் போக வேண்டும், மார்ச் மாதம், பனி இளகுகிறது. அவன் பனியைத் திட்டுகிறான். இங்குள்ளவர்களின் கெட்ட வார்த்தைகள் எல்லாம் பீடத்திலும் நற்கருணைப் பேழையிலும் இருக்கும் சாமான்களின் பெயர்கள் என்பது உனக்குத் தெரியும். ஆகவே, நாம் மாதாவுக்குப் பாடும் மெட்டில் இந்த ஊரவன் ஒருவன் நமது பீடத்தையே திட்டிக்கொண்டிருக்கிறான். சிங்களத்திலும் ஒன்று இருந்தது. கொழும்பில் கலியாண வீடுகளில் பாடுவார்கள். அதில் ஓடக்காரன் குடிவெறியில் இருப்பான், அக்கரையில் மாமி துடைப்பத்தோடு நிற்பாள்.

மெட்டு எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரின் ஆற்றை விசாரித்து அதிலே இறங்கிவிடுகிறது. மன்னாரில் அது கடலாயிற்று. அதைச் செய்தவர் பத்திநாதர். அது சின்ன வேலையல்ல. அதற்குத்தான் "சொல்" என்று போட்டிருக்கிறேன். மெட்டை அவர் கட்டவில்லை.

பெண்பார்த்த நாளைப் பற்றி எழுதியதற்குப் பதில் எழுத விரும்பவில்லை.

அக்னெஸ்


லவால்
2007 மார்ச் 18

அக்கா,

ஒரு விசயம் நடந்தது. மறைச்சு வைக்கலாம் எண்டு பார்த்தன். மனம் கேட்கேல்லை.

இவருக்குப் பேச்சுப் பழக்குகிற பிள்ளை ஒண்டு கிழமைக்கு ஒருக்கா வீட்டை வாறவள், இந்த ஊர்ப் பிள்ளை. வியாழக்கிழமை வந்தவள் படங்களைக் காட்டிக்கொண்டு இருந்தாள். கோப்பை, சாவி, பூனை. இவர் ஒண்டுக்கும் வாய் திறக்கேல்லை. எனக்கு வெக்கமாய்ப் போச்சு. "பாட்டுப் பாடுவார்" எண்டு ஜெனாட்டைக்கொண்டு சொல்லுவிச்சன். "அப்ப பாடச் சொல்லுங்கோ" எண்டாள். நான் எடுத்துவிட இவர் தொடங்கினார்.

அந்தப் பிள்ளை பேனையைக் கீழை வைச்சிட்டாள். முகம் சிவந்து போச்சு. "மிஸ்யூ பத்தி, ஆன்கோர்! ஆன்கோர்!" எண்டு கையைத் தட்டினாள். இவர் திருப்பித் தொடங்க அவளும் சேர்ந்து பாடுறாள் அக்கா, பிரெஞ்சிலை! ஜெனாட் என்ரை கையைப் பிடிச்சு நுள்ளினாள். "என்ரை அப்பா லொறி ஓடேக்கை இதைத்தான் பாடுவார், உங்கடை அப்பாவும் லொறியோ ஓட்டினவர்?" எண்டு ஜெனாட்டைக் கேட்டாள். "இல்லை, அப்பா கோயிலிலை பாடினவர்" எண்டு ஜெனாட் சொல்ல, அவள் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணீரைத் துடைச்சாள்.

இரண்டு பேரும் ஒண்டாய்ப் போயினம், ஒண்டாய்ப் போயினம், மூண்டாம் வரி முடிஞ்சது. இவர் நிண்டார். அவள் நிக்கேல்லை. நேரே நாலாம் வரிக்குப் போயிட்டாள். இவர் மேசையிலை அடிச்ச அடியிலை தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைஞ்சுது. அவள் பயந்துபோனாள். வெளியிலை போ எண்டு நான் கதவைக் காட்டாத குறை. ஆனா அவள் கெட்டிக்காரி. "பார்தோன், மிஸ்யூ" எண்டு சொல்லி முதலிலையிருந்து தொடங்கினாள். இந்தமுறை நிண்டாள். இவர் இரண்டு தரம் தட்டினார். பேந்து இரண்டு பேரும் சேர்ந்து போச்சினம். இவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார், முந்திக் கோயில் பாடகரைப் பார்த்துத் தலையாட்டுற மாதிரி. பெரியாள் மாதிரி.

சரி. மெட்டு எங்கையோ இருந்து வந்ததுதான். அந்தப் பிள்ளையின்ரை அப்பா எங்கடை கோயிலிலை களவெடுத்தவர் எண்டு சொல்ல நான் மொக்கி இல்லை. ஆனா அந்த நிப்பாட்டு எங்கையிருந்து வந்தது? நீங்கள் நாலு பின்னேரம் இருந்து கேட்டனீங்கள்தானே. ஒரு பாட்டிலையாவது அது இருக்குதோ? சனம் அழுகிறது அந்த இடத்திலைதான். மண்டபம் அகதி முகாமிலையிருந்து வந்த கசெட்டிலையும், ரொறன்ரோவிலையும், பாரிசிலையும் சனம் நிக்கிறது அந்த இடத்திலைதான். அது இல்லாட்டில் அது லொறிப் பாட்டு. அது இருந்தால்தான் மாதா பாட்டு.

ஒண்டிலையாவது இருக்குதெண்டு காட்டுங்கோ. நானே அந்தச் சொல்லை வெட்டுறன். இல்லாட்டில் இசை இவரின்ரை எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ.

அஞ்சலீனா


பார்க் எக்ஸ்டென்ஷன்
2007 ஏப்ரல் 9

அஞ்சலீனா,

பாஸ்குத் திங்கள். சந்தைக்குப் போய்வந்தேன். ஜான்-டலோனில் இப்போதும் கூடாரத்துக்குள்ளேதான் வியாபாரம். தக்காளிக்குக் கேட்கிற விலையைத் தபாலில் எழுதினால் நீ நம்பமாட்டாய்.

நீ கேட்டதற்குப் பதில்: நூலகத்தில் கிடைத்த பதிவுகள் ஒன்றிலும் மூன்றாம் வரியின் முடிவில் நிறுத்தம் இல்லை. எல்லோரும் மூச்செடுக்காமல் நாலாம் வரிக்குள் போய்விடுகிறார்கள்.

ஆனாலும் நான் கையெழுத்து வைக்க முடியாது. நிறுத்தம் என்பது இசை அல்ல. ஒருவர் கட்டிய வீட்டுக்கு இன்னொருவர் கதவு வைத்தால், வீடு கதவு வைத்தவருடையது என்று எழுதித் தரச் சொல்கிறாய். அரசாங்கத்தில் நான் முப்பது வருடம் வேலை செய்தபோது மந்திரிமார் சொல்லாததைச் சொன்னதாக எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. அதற்காகப் பதவி உயர்வை இழந்தேன். இப்போது சொந்தத் தங்கைக்காக எழுதினால், அன்று எழுதாதது வெறும் பிடிவாதம் என்றாகிவிடும். "மெட்டைத் தழுவி அமைத்தவர்" என்று போடலாம். ஃபாதரிடம் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம்.

பெரிய வெள்ளியன்று அந்தப் பாட்டைப் பாடினார்கள். கோயில் நிறைந்து வெளிப்படியிலும் சனம். மூன்றாம் வரியில் எல்லோரும் நின்றார்கள். பின்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் நிற்காமல் "அம்மா" என்று போய்விட்டது; தாய் அதன் வாயைப் பொத்தினாள். நான் வழக்கம்போலப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் ஏன் பாடுவதில்லை என்பது உனக்குத் தேவையில்லாத விடயம்.

அன்று பத்திநாதர் ஏன் என்னைப் பாடச் சொன்னார் என்பதை நீ அவரிடமே கேட்டிருக்கலாம். நாற்பத்தாறு வருடம் இருந்தது.

அக்னெஸ்


லவால்
2007 ஏப்ரல் 30

அக்கா,

இவருக்கு ஏப்ரல் பதினெட்டாம் திகதி திரும்பவும் பக்கவாதம் வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியிலை வைச்சிருந்து அனுப்பிப்போட்டினம். இந்தமுறை பாட்டும் குறைஞ்சு போச்சு. முதல் வரி வரும், இரண்டாம் வரியிலை பாதி வரும். பேந்து வாய் மட்டும் அசையும், சத்தம் இல்லை. ஆனா கை மறக்கேல்லை. சரியான இடம் வந்த உடனை இரண்டு தரம் தட்டுவார். நான் மனசுக்குள்ளை எண்ணிக்கொண்டு இருப்பன், ஒருநாளும் பிசகேல்லை.

"தழுவி அமைத்தவர்" எண்டதை வாசிச்சுக் காட்டினன். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிப்போட்டார். விளங்கித்தான் திருப்பினாரோ, விளங்காமல் திருப்பினாரோ, எனக்குத் தெரியாது.

ஜெனாட் அந்த அமெரிக்கக்காரன்ரை பாட்டைக் கொம்பியூட்டரிலை எடுத்துப் போட்டுக் காட்டினாள். இவர் கேட்டிட்டு, இல்லை எண்டு தலையாட்டினார். திரும்பவும் போட்டாள். இல்லை எண்டார். பேந்து கையை நீட்டி என்ரை தொண்டையைத் தொட்டார். தண்ணி கேக்கிறார் எண்டு நினைச்சுக் கொண்டுவந்து குடுத்தன். தட்டிவிட்டார். திரும்பவும் தொண்டையைத் தொட்டார். எனக்கு விளங்கேல்லை.

நீங்கள் கேக்கச் சொன்னதை நான் எப்பவோ கேட்டிட்டன். கலியாணம் முடிச்ச வருசமே கேட்டனான். "உன்ரை அக்கா கதைச்ச உடனை, எனக்குத் தெரிஞ்ச குரல் மாதிரி இருந்தது" எண்டார். அவ்வளவுதான். நான் ஒரு மாதம் இவரோடை கதைக்கேல்லை. எந்தப் பொம்பிளைக்குத்தான் அந்தக் கதை பிடிக்கும்? இவ்வளவு காலமும் நீங்கள் இந்த வீட்டுக்கு வந்து கதைக்கேக்கை எல்லாம் நான் இவரின்ரை முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பன். உங்களுக்குத் தெரியாது.

இனி உங்கடை கடிதத்துக்கு வாறன். உங்களை எனக்குத் தெரியும் அக்கா. நீங்கள் ஒரு சொல்லைச் சும்மா போடமாட்டியள். "நூலகத்தில் கிடைத்த பதிவுகள் ஒன்றிலும்" எண்டு எழுதியிருக்கிறீங்கள். அதை ஜெனாட்டுக்கும் வாசிச்சுக் காட்டினன். "பெரியம்மா லோயர் மாதிரி எழுதுறா" எண்டாள். அப்ப நூலகத்திலை கிடையாத ஒண்டு இருக்குதோ? சிங்களப் பாட்டோ? வேறை ஆரும் பாடினதோ? இருக்குதெண்டால் சொல்லுங்கோ. இவர் களவெடுத்தவர் எண்டாலும் சொல்லுங்கோ. எனக்கு இப்ப உண்மை தெரிஞ்சால் போதும். இல்லாட்டில் கையெழுத்து வையுங்கோ. ரெண்டிலை ஒண்டு.

ஃபாதர் போன் எடுத்தவர். திங்கட்கிழமை ஏழாம் திகதி எல்லாம் அச்சுக்குப் போகுதாம். அதுக்குள்ளை உங்கடை கையெழுத்து இல்லாட்டில் எங்கடை பாட்டு இல்லை. ஆகஸ்ட் வரைக்கும் இவர் இருப்பாரோ தெரியாது. டொக்டர் ஒண்டும் சொல்லுறார் இல்லை.

மெட்ரோ ரயில் லவால் வரைக்கும் வந்திட்டுது. சனிக்கிழமை திறந்தவை, சனம் சும்மா ஏறி இறங்கித் திரியுது. இனி ஆன்றி-புராசாவிலை பஸ்சுக்கு நிண்டு குளிருக்குள்ளை விறைக்கத் தேவையில்லை. அதைச் சும்மா எழுதினன். வரச் சொல்லி எழுதேல்லை.

அஞ்சலீனா


பார்க் எக்ஸ்டென்ஷன்
2007 மே 6

அஞ்சலீனா,

இன்று பூசை முடிந்தவுடன் கையெழுத்திட்டுவிட்டேன். உறையில் அச்சாகப் போவது இது:

"சொல்: பத்திநாதர். மெட்டு: அமெரிக்கக் கன்ட்ரிப் பாடல் ஒன்றின் வழி வந்தது. மூன்றாம் வரியின் நிறுத்தம் மன்னாரில் பத்திநாதரால் சபைக்குப் பாடிப் பழக்கப்பட்டது."

ஃபாதர் வாசித்துவிட்டு, "நிப்பாட்டுக்கு எல்லாம் பேர் போடுறதோ?" என்று கேட்டார். "இந்தப் பாட்டில் போடத்தான் வேண்டும்" என்றேன்.  மூன்று வாக்கியங்களையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் பொய்யல்ல. "இசை" என்ற சொல் உனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறெந்த இறுவட்டிலும் வேறெந்த மனிதனுக்கும் கிடைக்காத ஒரு வரி அவருக்குக் கிடைத்திருக்கிறது. வாசித்துக் காட்டு. முகத்தைத் திருப்பினால் எனக்கு எழுது.

அவர் தண்ணீர் கேட்கவில்லை, அஞ்சலீனா. ஜெனாட் போட்டுக் காட்டியது ஆணின் குரல். தான் கேட்டது அதுவல்ல, ஒரு பெண்ணின் குரல் என்றுதான் உன் தொண்டையைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். நீ அக்கறையாகத் தண்ணீர் கொடுத்திருக்கிறாய்.

நூலகத்தில் கிடையாத ஒன்று இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். நீ படித்திருந்தால் எனக்கு மேலதிகாரியாக வந்திருப்பாய். இருக்கிறது. இருந்தது என்பதே சரி.

1957, பல்கலைக்கழக விடுமுறை. நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டில் நின்று பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததாக வீட்டில் நம் ஐயாவும் நீயும் நம்பினீர்கள். பெரும்பாலும் படித்தேன். விடுதித் தோழி ஒருத்தியின் தமையன் பறங்கியர் இசைக்குழு ஒன்றில் கிட்டார் வாசித்தான். அவர்களுடைய பாடகி அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிவிட்டாள், இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்கு அந்த ஓடக்காரன் பாட்டை இசைத்தட்டாகப் பதிந்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள், நாள் நெருங்கிவிட்டது. ஆங்கில உச்சரிப்புத் தெளிவான ஒரு பெண் வேண்டும் என்றார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. என் உச்சரிப்பு தெளிவாக இருந்தது. தட்டில் "மிஸ் மே ரிவர்ஸ்" என்று போட்டார்கள். அந்தப் பெயரைத் தந்தவர் குழுத் தலைவர். அவருக்குக் கற்பனை குறைவு. என் பெயரைப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. போடாமல் விட்டதற்காகப் பிற்காலத்தில் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. பெயர்கள் விடயத்தில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் சில மாதங்கள் வானொலியில் போனது. மன்னாரில் பள்ளிக்கூடத்து பற்றரி வானொலிக்குப் பக்கத்தில் பத்திநாதர் என்ற இளம் ஆசிரியர் உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது. பெண்பார்க்க வந்த நாளிலும் தெரியாது. நீ மன்னாரிலிருந்து முதல்முறை வந்து, சமையலறையில் நின்று அந்தப் பாட்டைப் பாடிக்காட்டினாய். மூன்றாம் வரியில் நின்று, அகப்பையால் சட்டியில் இரண்டு தரம் தட்டினாய். அன்றுதான் தெரிந்தது.

என்னிடமிருந்த தட்டு ஐம்பத்தெட்டு இனக்கலவரத்தில் பெரியம்மாவின் வீட்டோடு போயிற்று. வேறு பிரதி எதுவும் எங்கும் இருப்பதாக நான் அறியவில்லை. ஆகவே என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததை நான் பங்கு மண்டபத்தில் சொல்வதில்லை. உனக்குச் சொல்கிறேன். ஏனென்றால் நாற்பத்தாறு வருடமாக நீ இல்லாத ஒன்றைச் சந்தேகப்பட்டு, நான் வாய் திறக்கும்போதெல்லாம் உன் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அது வீண் வேலை. என்னைக் கண்டு அவர் ஒருநாளும் எதையும் நினைக்கவில்லை. "சீனி போதுமோ" என்ற குரலில் வானொலியைக் கேட்டார். அந்தச் சந்தேகத்தை இறக்கி வை.

ஐயாவுக்குப் பயந்து மறைத்தேன் என்று எண்ணாதே. பாவம் என்று நினைத்தும் மறைக்கவில்லை. மோசமாகப் பாடியிருந்தேன், அதனால் மறைத்தேன். அந்தத் தட்டில் ஒரு பிழை இருந்தது. திரும்பப் பதிய நேரமில்லை, அடுத்த குழு கதவுக்கு வெளியே நின்றது. கேட்பவர் எவரும் கவனிக்கமாட்டார்கள் என்றார்கள். ஒருவர் கவனித்திருக்கிறார். அவர் அதைப் பிழை என்று நினைக்கவில்லை. அதற்குப் பின் மன்னாரிலும் மடுவிலும் முகாம்களிலும் ரொறன்ரோவிலும் இங்கும் சனம் அந்த இடத்தில் நின்று கண்ணைத் துடைப்பதை நான் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு பார்த்து வருகிறேன். வாய் திறந்தால் அந்த இடத்தில் எனக்கு என்ன வரும் என்று தெரியாததால்தான் நான் கோயிலில் பாடுவதில்லை. பிழை செய்தவளுக்கு அதில் உரிமையில்லை. அதைக் கைவிடாமல் வைத்திருந்தவருக்கே உரிமை. ஆகவேதான் பழக்கியவர் பெயரைப் போட்டேன்.

வரும் சனிக்கிழமை வருகிறேன். பார்க்கில் ஏறி, ஜான்-டலோனில் மாறி, மொன்மொரன்சியில் இறங்குவேன். இடையில் சந்தைக்குள் போய்க் கத்தரிக்காய் வாங்கி வருவேன்; உங்கள் பக்கத்தில் கிடைப்பவை தண்ணீராக இருக்கின்றன. பத்திநாதருக்கு முன்னால் நீ என்னைப் பாடச் சொன்னால் பாடமாட்டேன். அவர் மேசையில் இரண்டு தரம் தட்டினால், அப்போது பார்க்கலாம்.

அந்தப் பிழை இன்னதென்று இன்னும் எழுதவில்லை. மூன்றாம் வரி ஆங்கிலத்தில் "அவள் கூப்பிட்டால்" என்ற பொருளில் முடியும். மூச்செடுக்காமல் அடுத்த சொல்லைப் பிடிக்க வேண்டும். நான் நின்றுவிட்டேன். கிட்டார்க்காரன் என் முகத்தைப் பார்த்தான். சொல்லடி என்பதுபோல் தந்தியில் இரண்டு தரம் தட்டினான். பிறகுதான் எடுத்தேன். அது உணர்ச்சியல்ல, செபமுமல்ல. எனக்குச் சொல் மறந்துபோயிருந்தது.

அக்னெஸ்